பாறைக்குள் இறங்கிய பெட்ரோல்: களத்திலிருந்து நாள் குறிப்புகள்

ஓர் எரிபொருள் கிடங்கு. நிலத்தடித் தொட்டி ஒன்று கசிந்திருக்கிறது. எவ்வளவு நாளாக என்று கணக்கில்லை. சுற்றிலும் கருங்கல். கைவசம் இருந்தவை ஆறு ஆழ்துளைக் கிணறுகளும் ஒரு நீர்மட்ட வரைபடமும். வரைபடத்தில் ஓர் அம்புக்குறி வடகிழக்கைக் காட்டியது. அந்தத் திசையில் கசிவு எத்தனை ஆண்டில் எவ்வளவு தூரம் போகும் என்று மாடல் போட்டுக் கொடுக்க வேண்டும். கேட்பதற்கு எளிது.

பிப்ரவரி 10, திங்கள். கல்குவாரி

கிணறுகளுக்குப் போகும் முன் குவாரிக்குப் போவது நல்லது. 100 மி.மீ. துளைக்குள் கேமராவை விட்டுத் துழாவித் தெரிந்துகொள்வதைவிட, வெட்டிய பாறைச் சுவரில் ஒரே பார்வையில் அதிகம் தெரியும்.

வேலை இதுதான். நெஞ்சு உயரத்தில் 30 மீட்டர் நாடாவைச் சுவரோடு ஒட்டிக் கட்ட வேண்டும். நாடாவை வெட்டும் ஒவ்வொரு விரிசலுக்கும் ஒரு வரி: எத்தனையாவது மீட்டர், எந்தத் திசையில் ஓடுகிறது, எத்தனை டிகிரி சாய்வு, கண்ணுக்குத் தெரியும் நீளம், இரு முனையும் தெரிகிறதா, உள்ளே என்ன அடைத்திருக்கிறது. கடைசிக் கேள்விதான் விலையுயர்ந்தது. துருப்பிடித்த செம்பழுப்புக் கறை இருந்தால் அந்த வழியே தண்ணீர் போயிருக்கிறது. வெள்ளைக் கால்சைட் (சுண்ணாம்புக் கனிமம்) முழுக்க அடைத்திருந்தால் அந்த வழி மூடியாயிற்று. ஒரு சுவரோடு நிறுத்தவும் கூடாது. அந்தச் சுவருக்கு இணையாக ஓடும் விரிசல் கூட்டம் நாடாவை வெட்டாது, பட்டியலிலேயே வராது. செங்குத்தாக இன்னொரு சுவர் கட்டாயம் வேண்டும்.

முதல் சுவரின் 18-ஆம் மீட்டர் தாண்டியதும் எல்லா அளவீடும் 20 டிகிரி பிசகியது. சுத்தியல் சட்டைப் பையில் இருக்கிறதா, லாரி அருகில் நிற்கிறதா என்று எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் பார்த்தால், மூன்று மீட்டர் தள்ளி ஒரு கறுத்த டோலரைட் சுவர் (எரிமலைக் குழம்பு புகுந்து உறைந்த பாறை) பாறைக்குள் ஏறியிருந்தது. அதிலுள்ள மாக்னடைட் என்ற காந்தக் கனிமம் திசைகாட்டி முள்ளை இழுத்துவிட்டது. ஒரே கோட்டை இரு முனையிலிருந்தும் பார்த்து, இரண்டு அளவும் சரியாக 180 டிகிரி வித்தியாசம் காட்டுகிறதா என்று சரிபார்த்தால் இந்த ஏமாற்று உடனே தெரியும்.

மாலைக்குள் மூன்று கூட்டங்கள் பிரிந்தன. கிழக்கு மேற்காக ஓடுபவை, தெற்கே 85 டிகிரி சாய்ந்தவை, பெரும்பாலும் துருக்கறை. வடக்கு தெற்காக ஓடுபவை, பெரும்பாலும் கால்சைட். மூன்றாவது, மேல்மட்டத்தில் நெருக்கமாகவும் கீழே போகப் போக அரிதாகவும் கிடக்கும் கிடைமட்டப் பிளவுகள்.

இங்கேயே ஒரு சந்தேகம் எழுந்தது. ஆறு கிணறும் செங்குத்துத் துளைகள். 85 டிகிரி சாய்ந்த விரிசலுக்கும் செங்குத்துத் துளைக்கும் நடுவே 5 டிகிரிதான் கோணம். துளையின் கோணத்தால் தவறும் விரிசல்களை ஈடுகட்டும் டெர்சாகி திருத்தப்படி எண்ணிக்கையை அந்தக் கோணத்தின் சைனால் வகுக்க வேண்டும். 5 டிகிரிக்கு அது 11.5 மடங்கு. துளையில் ஒன்று தென்பட்டால் பாறையில் பதினொன்று இருக்கக்கூடும். முக்கியமான வழியையே காணாத கோணத்தில் எல்லாக் கிணறும் போட்டிருக்கிறார்கள்.

பிப்ரவரி 11, செவ்வாய். கிணறு 2, துளைக்குள் பார்வை

காற்று கிழக்கிலிருந்து. ஜெனரேட்டரைக் காற்று போகும் பக்கம் வைக்காதீர்கள். கிணற்று வாயிலிருந்து வரும் ஆவி நேராக அங்கேதான் போகும். பெட்ரோல் ஆவி காற்றில் 1.4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும். மூடியைத் திறந்ததும் வாயு அளவியை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்ற எதுவும்.

வரிசை முக்கியம். முதலில் வெப்பநிலையும் மின்கடத்துதிறனும். இவை கலங்காத தண்ணீரில் எடுக்க வேண்டியவை. பிறகு துளையின் விட்டம், அப்புறம் ஒளிப்படக் கருவி, கடைசியாக வெப்பத்துடிப்பு ஓட்டமானி. எண்ணெய்ப் படலம் மிதக்கும் கிணற்றில் ஒளிப்படக் கருவியின் கண்ணாடி இறங்கும்போதே பூசிக்கொள்ளும். ஒலி அலைக் கருவி அதைவிடப் பரவாயில்லை.

படத்தில் 41 விரிசல்கள் தெரிந்தன. ஓட்டமானியில் தண்ணீர் நடமாட்டம் மூன்றே இடங்களில். புதிதாக வருபவர்கள் இங்கேதான் திகைப்பார்கள். ஆனால் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை நியூ ஹாம்ப்ஷயரின் மிரர் லேக்கில் ஆண்டுக்கணக்கில் செய்த ஆய்வும் சொல்வது இதையேதான்: விரிசல் நிறைய, வழி கொஞ்சம். 41-ஐயும் மாடலில் ஏற்றினால் பார்க்க அழகாக இருக்கும். விடை தப்பாக வரும்.

பம்ப் ஏதும் ஓடாதபோதே துளைக்குள் தண்ணீர் மேலிருந்து கீழே போய்க்கொண்டிருந்தது. 14 மீட்டர் பிளவில் நுழைந்து 37 மீட்டரில் வெளியேறுகிறது. இயற்கையில் ஒன்றையொன்று தொடாத இரண்டு விரிசல்களைக் கிணறே இணைத்துவிட்டது. மாசைக் கண்டுபிடிக்கப் போட்ட துளை, மாசு இறங்க ஏணியாக நிற்கிறது. அன்று மாலையே துளைக்குள் உறையை இறக்கி உள்ளே தண்ணீர் நிரப்பி அடைத்தோம். அளக்கும் நேரம் தவிர ஒரு கிணறும் திறந்து கிடக்கக் கூடாது.

பிப்ரவரி 12, புதன். பேக்கர் சோதனை

வீணான அரை நாளைப் பற்றி முதலில். இறக்கிய பேக்கர் (துளைக்குள் காற்றடைத்து உப்பவைக்கும் அடைப்பான்) இரண்டும் இயற்கை ரப்பர். பெட்ரோல் படலத்தில் முக்கி எடுத்த ரப்பர் ஊறி உப்பிவிட்டது. காற்றை இறக்கிய பிறகும் சுருங்கவில்லை, 22 மீட்டரில் சிக்கிக்கொண்டது. இழுத்து எடுக்க மூன்று மணி நேரம். இந்த வேலைக்கு நைட்ரைல் ரப்பர் குறைந்தபட்சம். அதிக பென்சீன் உள்ள இடத்தில் வைட்டான் உறைதான் தாங்கும்.

சோதனை எளிமையானது. இரண்டு பேக்கருக்கு நடுவே 3 மீட்டர் பகுதியை அடைத்து, குறிப்பிட்ட அழுத்தத்தில் சுத்தமான நீரைச் செலுத்தி, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் குடிக்கிறது என்று பார்ப்பது. பேக்கருக்கு மேலும் கீழும் அழுத்தமானி வைக்க வேண்டும். அவை அசைந்தால் தண்ணீர் பேக்கரைச் சுற்றி ஒழுகுகிறது என்று பொருள், அந்த எண்ணைக் குப்பையில் போடலாம். அணைக்கட்டு ஆட்கள் 10 பார் வரை ஏற்றுவார்கள். இங்கே 2 பாருக்கு மேல் வேண்டாம். அழுத்தம் விரிசலையே விரித்துவிடும். பெட்ரோலையும் போகாத இடத்துக்குத் தள்ளிவிடும்.

37 மீட்டர் பகுதி 2 பாரில் நிமிடத்துக்கு 3 லிட்டர் குடித்தது. மீட்டருக்கு 1 லிட்டர், அதை 10 பாருக்குக் கணக்கிட்டால் 5 லூஜான் (10 பாரில் ஒரு மீட்டர் துளை நிமிடத்துக்கு 1 லிட்டர் குடித்தால் ஒரு லூஜான்). ஒரு லூஜானை விநாடிக்குச் சுமார் 1.3×10⁻⁷ மீட்டர் கடத்துதிறன் என்று எடுத்தால், 3 மீட்டர் பகுதியின் மொத்தக் கடத்துதிறன் 2×10⁻⁶ சதுர மீட்டர்/விநாடி.

இனி கன விதி. சீரான இரு தட்டுகளுக்கு நடுவே ஓடும் தண்ணீரின் அளவு, இடைவெளியின் மும்மடியைப் பொறுத்தது. 0.1 மி.மீ. திறப்புள்ள ஒரு விரிசலின் கடத்துதிறன் 8×10⁻⁷, 0.5 மி.மீ. திறப்புக்கு அது 125 மடங்கு. தலைகீழாகப் போட்டால் நம்முடைய 5 லூஜானுக்கு 0.13 மி.மீ. திறப்பு வருகிறது. தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான்.

ஆனால் அது ஒரே விரிசலாக இருந்தால். அதே 3 மீட்டருக்குள் மூன்று சம விரிசல்கள் இருந்தால் ஒவ்வொன்றும் 0.09 மி.மீ. குடிக்கும் தண்ணீர் அதே அளவு. ஓடும் வேகம் மட்டும் வேறு. நீர்மட்டச் சரிவு நூற்றுக்கு ஒன்று என்றால் ஒற்றை விரிசலில் நாளுக்கு 12.6 மீட்டர், மூன்றில் 6 மீட்டர். பேக்கர் சோதனை எவ்வளவு தண்ணீர் போகும் என்று சொல்லும், எவ்வளவு வேகமாகப் போகும் என்று சொல்லாது. இதற்காகத்தான் டிரேசர், அதாவது தண்ணீரோடு விட்டுத் தடம் பார்க்கும் பொருள்.

பிப்ரவரி 13, வியாழன். நீர்மட்டம் அளந்த நாள்

அந்த வடகிழக்கு அம்புக்குறி இன்று உடைந்தது, அதுவும் இரண்டு இடத்தில்.

முதல் உடைப்பு வெறும் கணக்குப் பிழை. இடைமுக அளவி எண்ணெயில் பட்டால் ஒருவித ஒலி, தண்ணீரில் பட்டால் வேறுவித ஒலி எழுப்பும். கிணறு 2-இல் எண்ணெய்ப் படலம் 0.80 மீட்டர். பெட்ரோலின் அடர்த்தி தண்ணீரில் 0.74 பங்கு, ஆகவே அந்தப் படலம் கீழுள்ள தண்ணீரை 0.59 மீட்டர் அமுக்கி வைத்திருக்கிறது. உண்மை நீர்மட்டம் வேண்டுமென்றால் அதைக் கூட்ட வேண்டும். பழைய வரைபடம் போட்டவர் கூட்டவில்லை. அதனால் கிடங்குக்கு அடியில் இல்லாத ஒரு பள்ளம் வரைபடத்தில் விழுந்து, சுற்றியிருந்த கோடுகளையெல்லாம் வளைத்திருந்தது.

திருத்திய பிறகும் சரிவு வடகிழக்காகத்தான் இருந்தது. ஆனால் தண்ணீர் சரிவைப் பார்த்து மட்டும் போவதில்லை, வழியையும் பார்க்கும். கிழக்கு மேற்குத் திறன் வடக்கு தெற்குத் திறனைப்போல் பத்து மடங்கு என்று வைத்தால், சரிவு 45 டிகிரியில் வடகிழக்கைக் காட்டும்போது ஓட்டம் கிழக்கிலிருந்து வெறும் 6 டிகிரிதான் விலகும். அம்பை நம்பி வடகிழக்கில் போட்ட கிணறு 3 இரண்டு ஆண்டாகச் சுத்தமாக இருக்கிறதென்றால், கசிவு நின்றுவிட்டது என்று பொருளில்லை. அது வேறு தெருவில் போய்க்கொண்டிருக்கிறது.

இன்னொரு பிடிவாதமான நம்பிக்கையையும் இங்கே ஒதுக்க வேண்டும்: "பெட்ரோல் மிதக்கும், நீர்மட்டத்துக்குக் கீழே போகாது." மணலில் பெரும்பாலும் சரி. செங்குத்து விரிசலில் அப்படியில்லை. நீர்மட்டத்துக்கு மேலே 2 மீட்டர் உயரத்துக்கு ஒரு விரிசல் பெட்ரோலால் நிரம்பி நின்றால், அந்த எடை கீழே தள்ளும். தண்ணீர் நிறைந்த 0.1 மி.மீ. விரிசலுக்குள் நுழையத் தேவையான அழுத்தம் சுமார் 500 பாஸ்கல், அதாவது 5 செ.மீ. நீர் உயரம். 2 மீட்டர் பெட்ரோல் 1.48 மீட்டர் நீருக்குச் சமம். அதில் 5 செ.மீ. கழித்து, அடர்த்தி வித்தியாசமான 0.26-ஆல் வகுத்தால் 5.5 மீட்டர். நீர்மட்டத்துக்கு அவ்வளவு கீழே வரை பெட்ரோல் போய் நிற்க முடியும். மேல்பகுதிக் கிணறுகளை மட்டும் பார்த்துவிட்டு ஆழத்தில் ஒன்றுமில்லை என்று எழுதும் அறிக்கைகள் இதை மறக்கின்றன.

படலத்தின் தடிமனிலிருந்து கொள்ளளவு போடுவது அடுத்த பள்ளம். 1,000 சதுர மீட்டரில் 1 மீட்டர் தடிமன் என்றால், 30 சதவீதத் துளைமை (வெற்றிடத்தின் பங்கு) உள்ள மணலில் 300 கனமீட்டர். விரிசல் துளைமை 0.1 சதவீதமான பாறையில் அது 1 கனமீட்டர், வெறும் 1,000 லிட்டர். இதையே திருப்பிப் பார்த்தால்தான் பயம் வரும்: பாறையில் 1,000 லிட்டர் எவ்வளவு தூரம் போகும் பாருங்கள்.

பிப்ரவரி 14, வெள்ளி. மழை

காலையில் எதிர்பாராத மழை. வேலை நின்றது, அழுத்தப் பதிவிகள் மட்டும் ஓடின. பாறைக்கு இறங்கிச் சேர்ந்தது 5 மி.மீ. என்றே வைத்துக்கொள்ளுங்கள், துளைமை 0.25 சதவீதம் என்றால் நீர்மட்டம் 2 மீட்டர் ஏறும். மாலைக்குள் ஏறக்குறைய அப்படித்தான் ஏறியது. கிணறு 2-இல் 0.80 மீட்டர் எண்ணெய் 3 செ.மீ. ஆகிவிட்டது.

மழை கழுவிவிட்டது என்று கிடங்கு ஆட்கள் மகிழ்ந்தார்கள். எங்கேயும் போகவில்லை. ஏறிய தண்ணீர் பெட்ரோலை விரிசல்களுக்குள் துண்டு துண்டாகச் சிறைபிடித்து வைத்திருக்கிறது. மட்டம் இறங்கும்போது மறுபடி கிணற்றுக்குள் வந்து நிற்கும். ஒரே நாள் அளவீட்டை வைத்து எண்ணெய் இருக்கிறது, இல்லை என்று தீர்ப்பு எழுதக் கூடாது.

பிப்ரவரி 15, சனி. மாதிரி எடுத்தல்

நிமிடத்துக்கு 200 மி.லி. வேகத்தில் மெதுவாக இழுத்து, கரைந்த ஆக்சிஜன், மின்கடத்துதிறன், பி.எச். மூன்றும் நிலைத்த பிறகு 40 மி.லி. குப்பியில் பிடிக்க வேண்டும். குப்பியில் காற்றுக்குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது. பென்சீன் அதற்குள் ஏறிவிடும். நுண்ணுயிரை நிறுத்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில துளி விட்டு, பி.எச். 2-க்குக் கீழே கொண்டுவந்து, 4 டிகிரியில் வைத்தால் 14 நாள் தாங்கும்.

கிணறு 5-இல் அந்த அமிலமே வேலையைக் கெடுத்தது. மூடிய குப்பியைத் தலைகீழாகத் தட்டிப் பார்த்தால் மணி மணியாகக் குமிழ். புதுக் குப்பி எடுத்தாலும் அதே. காற்று புகவில்லை, தண்ணீரில் கரைந்திருந்த பைகார்பனேட் அமிலம் பட்டுக் கரியமில வாயுவாகப் பொங்கியது. கால்சைட் உள்ள பாறையிலிருந்து வரும் தண்ணீர் வேறெப்படி நடக்கும்? அமிலம் இல்லாமல் பிடித்து, குளிரில் வைத்து, 7 நாளுக்குள் ஆய்வகத்தில் சேர்ப்பதுதான் வழி.

பாறைக்குள் விருந்து நடக்கிறதா என்பதும் இந்தக் குப்பிகளில் தெரியும். நுண்ணுயிர்கள் 1 கிராம் பென்சீனைத் தின்று முடிக்க 3.1 கிராம் ஆக்சிஜன் வேண்டும். நல்ல நிலத்தடி நீரில் லிட்டருக்கு 8 மி.கி. ஆக்சிஜன் என்றால், அது செரிக்கக்கூடிய பென்சீன் 2.6 மி.கி. மட்டுமே. பெட்ரோலில் மூலக்கூறு அளவில் 1 சதவீதம் பென்சீன் இருந்தாலே அதைத் தொடும் தண்ணீரில் லிட்டருக்கு 18 மி.கி. வரை கரையலாம், உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.01 மி.கி. பந்தியில் இலை குறைவு, ஆள் அதிகம். ஆக்சிஜன் தீர்ந்ததும் நைட்ரேட், பிறகு இரும்பு, சல்பேட் என்று ஒவ்வொன்றாகத் தொடுவார்கள், மெதுவாக. எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் இன்னும் மோசம்: நுண்ணுயிர்கள் எத்தனாலை முதலில் தின்று ஆக்சிஜனைக் காலி செய்துவிடும், பென்சீன் தீண்டப்படாமல் மேலும் தூரம் போகும்.

கிணறு 5, கிடங்குக்கு நேர் கிழக்கே. ஆக்சிஜன் 0.3 மி.கி., தண்ணீரில் இரும்பு, லேசான மீத்தேன். ஆய்வகம் சொல்லும் முன்பே தெரிந்துவிட்டது.

பிப்ரவரி 17 முதல் 26 வரை. டிரேசர்

கிணறு 2-இன் 37 மீட்டர் பகுதியில் யுரனின் சாயமும் பொட்டாசியம் புரோமைடும் சேர்த்து விட்டோம். பார்க்கும் இடங்கள்: கிழக்கே 30 மீட்டரில் கிணறு 5, வடகிழக்கே 18 மீட்டரில் கிணறு 3.

பலர் தவறவிடும் படி ஒன்று உண்டு. 100 மி.மீ. துளையில் 3 மீட்டர் பகுதி 24 லிட்டர் கொள்ளும். சாயத்தை விட்ட கையோடு அதே அளவு சுத்தமான நீரை மெதுவாகத் தள்ளி, சாயம் முழுவதையும் விரிசலுக்குள் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் துளைக்குள் தேங்கியது நாள்கணக்கில் கசியும். மறுமுனையில் உச்சத்துக்குப் பின் சாயம் மெல்லத் தேய்ந்து வரும் நீண்ட வால் பாறையின் குணமா துளையின் குணமா என்று பிரிக்கவே முடியாது. சாயத்தைக் கரைத்தவர் மாதிரிக் குப்பியைத் தொடவே கூடாது. கையுறை மாற்றினாலும் கூடாது. யுரனின் வெயிலில் அழியும், ஆகவே பழுப்புக் குப்பி. பெட்ரோலியச் சேர்மங்கள் தாமே ஒளிரும் என்பதால், சாயம் விடுமுன் ஒவ்வொரு கிணற்றிலும் வெற்று மாதிரி எடுத்து வைக்க வேண்டும்.

17-ஆம் தேதி காலை 9 மணிக்கு விட்டது. 19-ஆம் தேதி பகல் 1 மணிக்குக் கிணறு 5-இல் முதல் அறிகுறி, 52 மணி நேரம். உச்சம் 21-ஆம் தேதி காலை, 96 மணி நேரம். பேக்கர் கணக்குப்படி ஒற்றை விரிசல் என்றால் 57 மணி, மூன்று என்றால் 119 மணி. நடுவில் விழுந்தது. கிணறு 3-இல் பத்து நாளும் ஒன்றுமில்லை.

உச்சத்தைவிட வால்தான் சுவாரசியம். இரு அச்சிலும் மடக்கை அளவில் வரைந்தால், சாயம் விரிசலிலிருந்து கல்லுக்குள் ஊறித் திரும்பி வரும்போது வாலின் சரிவு மைனஸ் 1.5-க்கு அருகில் இருக்கும். இருந்தது. உறுதி செய்ய இரண்டாவது டிரேசர்: புரோமைடு சிறிய அயனி, கல்லுக்குள் வேகமாக ஊறும், யுரனின் பெரிய மூலக்கூறு, சோம்பேறி. கல் உறிஞ்சுகிறதென்றால் விட்ட அளவுக்கு ஒப்பிட்டுப் பார்க்கையில் புரோமைடின் உச்சம் தாழ்ந்தும் வால் உயர்ந்தும் வர வேண்டும். இரண்டு வளைகோடும் ஆறாவது நாளில் ஒன்றையொன்று வெட்டின. அந்த வெட்டு தெரிந்ததும் களத்தை மூட்டை கட்டினோம்.

மார்ச் 3, திங்கள். மேசை

முதலில், எப்படிப் போடக்கூடாது. பாறையை மணல்போல் பாவித்து, 5 மீட்டர் கட்டங்கள், துளைமை 10 சதவீதம் என்று போட்டால், மீட்டருக்கு ஒரு 0.1 மி.மீ. விரிசல் உள்ள இந்தப் பாறையில் ஓட்டம் நாளுக்கு 7 மி.மீ. என வரும், பத்து ஆண்டில் 26 மீட்டர். அதே கடத்துதிறனுக்கு உண்மையான விரிசல் துளைமை 0.01 சதவீதத்தைப் போட்டால் நாளுக்கு 7 மீட்டர். ஆயிரம் மடங்கு. நீர்மட்டத்தோடு ஒப்பிட்டால் இரண்டும் ஒரே அளவு பொருந்தும், ஏனென்றால் நீர்மட்டத்துக்குத் துளைமை தெரியாது. மட்டம் பொருந்திவிட்டது என்று கையெழுத்திடும் மாடல்கள் இப்படித்தான் ஏமாற்றுகின்றன.

இரண்டாவது பக்கமும் பார்க்க வேண்டும்: கல் எவ்வளவு உறிஞ்சும்? டாங், ஃப்ரிண்ட், சுடிக்கி மூவரும் 1981-இல் ஒற்றை விரிசலுக்குக் கொடுத்த தீர்வை வைத்தே ஒரு கையடக்கக் கணக்குப் போடலாம். திறப்பு 0.13 மி.மீ., நாளுக்கு 12.6 மீட்டர், கல்லுக்குள் ஊறும் வேகக் கெழு 10⁻¹⁰ சதுர மீட்டர்/விநாடி. 400 மீட்டர் தள்ளி, உள்ளே போன செறிவில் பாதி எப்போது வரும்? கல் உறிஞ்சவே இல்லையென்றால் 32 நாள். 1 சதவீதத் துளைமையுள்ள கருங்கல் என்றால் 8 மாதம். 15 சதவீதத் துளைமையுள்ள மணற்கல், விரிசல்கள் ஒன்றுக்கொன்று வெகு தூரம் என்றால் ஏறக்குறைய 130 ஆண்டு. ஒரே விரிசல், ஒரே ஓட்டம். இங்கிலாந்தின் சுண்ணப்பாறையில் டிரிட்டியம் (மழையோடு இறங்கிய கதிரியக்க ஹைட்ரஜன்) எதிர்பார்த்த வேகத்தில் இறங்காத புதிருக்கு ஃபாஸ்டர் 1975-இல் கொடுத்த விளக்கமும் இந்த ஊறல்தான். உறிஞ்சியதைக் கல் பிறகு திருப்பிக் கொடுக்கும் என்பது அதன் மறுபக்கம். கசிவை நிறுத்தியபின்னும் விரிசலுக்குள் பென்சீன் திரும்பி வந்துகொண்டே இருக்கும்.

ஆகவே எங்கள் பாறைக்கு இரண்டும் வேண்டும்: விரிசல் தனியாக, கல் தனியாக. கிடங்கைச் சுற்றி 60 மீட்டர் தூரம் வரை, ஒவ்வொரு விரிசலையும் தனித்தனியாக வைக்கும் விரிசல் வலை. அதற்கு வெளியே, விரிசலுக்கும் கல்லுக்கும் தனித்தனித் துளைமை உள்ள இரட்டைத் துளைமைக் கட்டங்கள். மாட்ஃப்ளோ 6 என்ற நிலத்தடி நீர் மென்பொருளில் அசையாத நீர்ப்பகுதிக்கென்றே ஒரு தொகுப்பு இருக்கிறது, வெளிப்பகுதிக்கு அது போதும்.

உள்பகுதியில் கட்டம் பிரிப்பதில்தான் நேரம் போனது. விரிசலை ஒட்டிய முதல் கல் கட்டம் 2 மி.மீ.; அடுத்தடுத்தது ஒன்றரை மடங்கு. 14 கட்டத்தில் ஒரு மீட்டரை எட்டிவிடலாம். முதல் கட்டத்தையே 5 செ.மீ. வைத்தால், ஓராண்டில் ஊறவேண்டிய தூரமே அவ்வளவுதான். தொடக்க மாதங்களின் உறிஞ்சல் முழுக்கத் தப்பாகிவிடும். விரிசல் நெடுக 1 மீட்டர் கட்டம் என்றால் நாளுக்கு 12.6 மீட்டர் ஓட்டத்துக்கு, கணக்கின் ஒவ்வொரு நேரப் படியும் 1.9 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. முதல் ஓட்டத்தில் ஒரு நாள் படி வைத்தோம். செறிவு எதிர்மறையில் இறங்கி, அடுத்த கட்டத்தில் மூலத்தைவிட அதிகமாக ஏறியது. இயந்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

பெட்ரோலின் நடமாட்டத்தையே மாடலில் ஓட்ட டி.எம்.வி.ஓ.சி. போன்ற பலநிலைக் கருவிகள் உண்டு. இங்கே அதைத் தொடவில்லை. எந்த விரிசலில் எவ்வளவு பெட்ரோல் என்ற தரவு கையில் இல்லாதபோது அது அலங்காரம். கிடங்குக்கு அடியிலிருந்து நீர்மட்டத்துக்குக் கீழே 5 மீட்டர் வரை, கிழக்கு மேற்கு விரிசல்களில் 18 மி.கி./லி. என மாடலில் கசிவின் மூலத்தை வைத்தோம். சிதைவு வேகத்துக்கு ஒரு எண் போடாமல், ஆக்சிஜன் தீரும் வரை வேகம், தீர்ந்தபின் மெதுவு என்று இரண்டு. மாறா விகிதத்தில் எங்கும் சிதைகிறது என்று போட்டால் கசிவு அழகாகப் பாதி வழியில் நின்றுவிடும். ஆக்சிஜன் கணக்கு அதை அனுமதிக்காது.

மார்ச் 7, வெள்ளி. நூறு வலைகள்

குவாரி நாடாவிலிருந்து திசையும் நீளமும், பேக்கரிலிருந்து திறப்பும் எடுத்து, 100 விரிசல் வலைகள் உருவாக்கினோம். ஒவ்வொன்றும் ஆறு கிணற்றிலும் கண்ட விரிசல்களைக் கடந்தே ஆக வேண்டும். ஓடும் மூன்று இடங்களில் ஓட வேண்டும். 17 வலைகளில் கிணறு 2-உம் கிணறு 5-உம் இணையவே இல்லை. டிரேசர் வந்திருக்கும்போது அவற்றுக்கு இடமில்லை, கழித்தோம். 31 வலைகளில் சாயம் 20 மணி நேரத்துக்குள் வந்தது, அவையும் போயின. மிச்சம் 52.

பேக்கரில் வரும் திறப்பும் டிரேசரில் வரும் திறப்பும் ஒன்றாக இருப்பது அபூர்வம். தண்ணீரின் அளவை விரிசலின் மிகக் குறுகிய இடம் தீர்மானிக்கிறது. சாயமோ அகன்ற இடங்களையும் நிரப்பிக்கொண்டுதான் போக வேண்டும். ஓட்டத்துக்கு ஒரு திறப்பு, பயணத்துக்கு இன்னொன்று என்று இரண்டு எண் வைத்தபிறகே 96 மணி உச்சம் உட்கார்ந்தது. ஒரே எண்ணை இரண்டுக்கும் பொருத்த நாங்கள் கழித்த இரண்டு நாளை யாரும் திரும்பக் கழிக்க வேண்டாம்.

52 வலைகளையும் பத்து ஆண்டுக்கு ஓட்டி, ஒவ்வோர் இடத்திலும் 0.01 மி.கி. தாண்டியவை எத்தனை என்று எண்ணிப் படம் வரைந்தோம். ஒரே கோடாகக் கசிவின் எல்லையை வரையச் சொல்லிக் கேட்டார்கள், வரையவில்லை. கிழக்கே நீண்ட ஒரு குறுகிய பட்டை, ஓரங்கள் மங்கலாக. வடகிழக்கில் கிணறு 3 இருக்கும் இடத்தில் 52-க்கு 2.

பட்டையில் வலைகள் ஒன்றுக்கொன்று அதிகம் முரண்படும் இடம் கிணறு 5-க்குக் கிழக்கே 70 மீட்டர். பாதி வலைகள் ஆம் என்கின்றன, பாதி இல்லை என்கின்றன. கிணறு 7 அங்கே. இம்முறை செங்குத்தாக வேண்டாம்: கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரி, வடக்கு நோக்கிச் சாய்த்து. தெற்கே சாய்ந்த விரிசல்களுக்கும் துளைக்கும் நடுவே அப்போது 35 டிகிரி கிடைக்கும், 11.5 மடங்குத் திருத்தம் 1.7 ஆகிவிடும். துளையிட்டு முடித்த அன்றே உறை இறக்க ஆள் நிற்க வேண்டும். பேக்கர் நைட்ரைல்.